கட்சி சாராத கணக்கு எங்கே கிடைக்கும்?

1967 தேர்தலைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது, காமராஜரே விருதுநகரில் தோற்றார், தி.மு.க. அலை அடித்தது. எல்லாம் நடந்ததுதான். காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது, காங்கிரசுக்கு 51. ஆனால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் தேர்தலுக்கான புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து, கட்சிவாரி அட்டவணையில் வாக்கு விழுக்காட்டைப் பாருங்கள். காங்கிரஸ் வாங்கியது 41.10. தி.மு.க. வாங்கியது 40.69. தோற்ற கட்சிக்குத்தான் ஓட்டு கொஞ்சம் கூடுதல்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது, தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்றது. மிச்சத்தை ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் என்று கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்தது. காங்கிரசை எதிர்த்த ஓட்டு சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தது. 67 வெற்றியில் மொழிப்போருக்கும் அரிசிப் பஞ்சத்துக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு அண்ணா போட்ட இந்தத் தொகுதிப் பங்கீட்டுக்கும் உண்டு என்பது என் கருத்து. மேடைகளில் கேட்டு வளர்ந்த கதையில் இந்தப் பகுதி எனக்குக் கிடைக்கவே இல்லை. ஓர் அட்டவணையின் இரண்டு வரிகளில் கிடைத்தது.

ஈரோட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். தேர்தல் கணக்குகளைத் தேடிப் படிப்பது பல வருடப் பழக்கம். எந்தக் கட்சிக்காரரும் தன் வசதிக்கு வளைக்க முடியாத தகவல் நம் நாட்டில் இவ்வளவு திறந்து கிடக்கிறது, ஆனால் அதைப் போய்ப் பார்ப்பவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள். 1951-52 முதல் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நடந்த தேர்தல்களுக்கு இவை உண்டு. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1969 வரை நம் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். 67 அறிக்கையைத் தமிழ்நாடு என்ற பெயரில் தேடினால் சிக்காமல் போகலாம். 1952 அறிக்கையைத் திறந்தால் 375 இடங்கள் இருக்கும். ஆந்திரமும் மலபாரும் அப்போது நம்மோடு இருந்தன. அந்த எண்ணை அப்படியே எடுத்து இன்றைய 234-உடன் ஒப்பிட்டு "அன்று இத்தனை, இன்று இத்தனை" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2008-இல் தொகுதி எல்லைகளை மாற்றி அமைத்த மறுவரையறையும் இப்படித்தான். சிவகாசி, பழனி, ராசிபுரம், திருச்செந்தூர், புதுக்கோட்டை எல்லாம் மக்களவைத் தொகுதிகளாக இருந்து மறைந்தவை. சட்டமன்றத் தொகுதிகளில் பெயர் அப்படியே இருந்தாலும் எல்லை மாறியிருக்கும். 2006-இல் வாங்கிய ஓட்டையும் 2011-இல் வாங்கிய ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்ற இறக்கம் பேசுவது பெரும்பாலும் வீண் வேலை.

எங்கள் பக்கத்து மொடக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 வேட்பாளர்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலும் தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள், பிறகு 10,000 ஆயிற்று. அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஆனால் அதன் முழு உருவம், பெயர் பெயராக, அவரவர் வாங்கிய ஓட்டோடு ஆணையத்தின் அறிக்கையில்தான் இருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் ஒரு வட்டாரத்தின் கோபம் என்ன கனம் என்று தெரியும். அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அவரே 2021-இல் அதே மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார்.

இனி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. வேட்பாளர் தன் மேல் உள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் உறுதிமொழியாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. யாரும் விரும்பிக் கொடுத்த உரிமை இல்லை இது. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து 1999-இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தை, ஏ.டி.ஆர். என்று சொல்கிறோமே அதை, தொடங்கி டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 2000-இல் அங்கே சாதகமான தீர்ப்பு. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2002 மே 2-இல் உச்ச நீதிமன்றமும் வாக்காளருக்கு வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்க முதலில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு அதுவே சட்டமாயிற்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சட்டத்தில் சொன்னதைத் தவிர வேறெந்தத் தகவலையும் வேட்பாளர் தர வேண்டியதில்லை, எந்தத் தீர்ப்பு என்ன சொன்னாலும் சரி என்பது அதன் சாரம். கட்சிகள் மற்ற விஷயங்களில் எப்படி அடித்துக்கொண்டாலும் இதில் ஒற்றுமையாக இருந்தன. 2003 மார்ச் 13-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. இன்று நாம் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டி எம்.எல்.ஏ.வின் சொத்தைப் பார்க்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் இந்த நான்கு வருட வழக்கு இருக்கிறது.

அந்தப் பத்திரங்களைப் படித்து, அட்டவணையாக்கி, ஏ.டி.ஆர். நடத்தும் தளம் மைநேதா. தேசியக் கட்சித் தலைவருக்கும் எங்கள் ஊர்ச் சுயேச்சைக்கும் அங்கே ஒரே அளவுப் பக்கம், ஒரே கட்டங்கள். நடுநிலை என்று நான் சொல்வது இதைத்தான்: யார் வந்தாலும் ஒரே கேள்வி, பதிலுக்குப் பக்கத்திலேயே மூலப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதி. தளத்தை நம்பாதவர் பத்திரத்தைத் திறந்து தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. என் அக்கா மகன் ஒருமுறை வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் காட்டினான். 2014 மக்களவைத் தேர்தலில் அதிக வழக்கு உள்ள வேட்பாளர்கள். முதலிடத்தில் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி சார்பில் நின்ற சுப. உதயகுமார், 382 வழக்குகள்.

"மாமா, 382 கேஸுங்களாமா! இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் எப்படி சீட்டு குடுக்கறாங்க?"

"கேஸ் எத்தனைன்னு பாத்தே. எந்த செக்‌ஷன், எதுக்காகப் போட்டதுன்னு பாத்தியா?"

பத்திரத்தைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து நடந்த போராட்டத்தை ஒட்டிப் போட்ட வழக்குகள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, அதற்கு மேல் தேசத்துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தது என்று பிரிவுகள். கடைசி இரண்டும் இருப்பதாலேயே அவை கடுமையான குற்ற வழக்கு என்ற கணக்கில் ஏறிவிடும். ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய பிரிவு, ஜாமீனில் விட முடியாத பிரிவு என்பவைதான் அந்த வகைப்பாட்டின் அளவுகோல்களில் முக்கியமானவை. போலீஸ் எந்தப் பிரிவு போட்டதோ அதைத்தான் தளம் காட்ட முடியும். கடற்கரை மக்களோடு உண்ணாவிரதம் இருந்தவரும் ஆள் வைத்து வெட்டியவரும் எண்ணிக்கைப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்பார்கள். பையன் ரொம்ப நேரம் படித்தான். அந்த அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் "382 கேஸ்" என்று மட்டும் சொல்லி அவன் அதற்கப்புறம் யாரையும் எடைபோடவில்லை.

தமிழ்நாட்டில் இது முக்கியம். மறியல், ஆர்ப்பாட்டம், தடையை மீறிய ஊர்வலம் இல்லாமல் இங்கே அரசியல் கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் தெருவில் இறங்கியதற்கான வழக்கு. கொலை, கொலை முயற்சி, மோசடிக்கான 302, 307, 420 இருந்தால் வேறு கதை. குற்றச்சாட்டு பதிவானதா, தண்டனை ஆனதா என்பதற்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. இந்தக் கட்டங்கள் அத்தனையும் படிப்பதற்காகத்தான் இருக்கின்றன.

சொத்துப் பகுதியும் அப்படித்தான். நிலம் என்றால் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு மூன்றையும் எழுத வேண்டும். ஐந்து வருடத்தில் சொத்து இத்தனை மடங்கு என்று தலைப்புச் செய்தி வரும்போது நான் முதலில் பார்ப்பது, புதிதாக ஏதும் வாங்கினார்களா, பழைய தோட்டத்துக்கே விலை ஏறியதா என்பதை. பைபாஸ் போட்ட ஊரில் பாட்டன் காலத்து நாலு ஏக்கர் தானாகக் கோடியாகும். புதுச் சொத்து பத்து இடத்தில் முளைத்திருந்தால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். 2019 முதல் ஐந்து வருட வருமான வரிக் கணக்கும் கேட்கிறார்கள். சொத்தையும் வருமானத்தையும் சேர்த்துப் படித்தால் பல விஷயம் புரியும். பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை போதாது என்று நினைக்கிறேன்.

வாக்குப்பதிவு விழுக்காடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த எண் பிறக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு அந்தச் சாயங்காலம் மறக்காது. கடைசி டோக்கன் வாங்கியவர் ஓட்டுப் போட்டதும் கண்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ் பட்டனை அழுத்துவோம். மொத்தம் எவ்வளவு என்று இயந்திரம் காட்டும். 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வைத்தவர்களின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு ஓட்டுப் போட மாட்டேன் என்று திரும்பியவர் இருந்தால் அதையும் கழித்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு 17சி எழுதுவோம்: சாவடிக்கு ஒதுக்கிய வாக்காளர், பதிவான ஓட்டு, சீல்களின் எண்கள். காலை நாலு மணிக்கு எழுந்த களைப்பில் கை நடுங்கும், ஆனால் அந்த ஒரு தாளில் அடித்தல் திருத்தல் வரக் கூடாது என்று உயிரைக் கொடுத்து எழுதுவோம். பூத் ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் சான்றிட்ட நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். எந்தக் கட்சி ஏஜென்டாக இருந்தாலும் கையில் ஒரே எண்.

2024 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. அன்று இரவு ஏழு மணி நிலவரமாக அறிவித்தது 72.09 விழுக்காடு. மறுநாள் அது 69.46 ஆயிற்று. பிறகு 69.72 என்று நின்றது. முதலில் சொன்னது சாவடிகளிலிருந்து அவசரமாக வந்த தோராயம், பின்னால் வந்தது தாள்களைக் கூட்டி எடுத்தது. அன்று இரவே 72.09-ஐ வைத்து யாருக்குச் சாதகம் என்று அலசி முடித்துவிட்டார்கள். அந்த எண்ணை இன்னமும் சில வீடியோக்களில் கேட்கிறேன். நாடு முழுக்க அந்தத் தேர்தலில் இறுதி விவரம் தாமதமானதும், விழுக்காடு மட்டும் சொல்லி ஓட்டு எண்ணிக்கையைச் சொல்லாததும் பெரிய சந்தேகங்களைக் கிளப்பின. 17சி-யை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஏ.டி.ஆர். தரப்பு கேட்டது. தேர்தல் நடுவில் உத்தரவிட முடியாது என்று மே 24-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுநாள் ஆணையம் அதுவரை நடந்த ஐந்து கட்டங்களுக்கும் ஓட்டு எண்ணிக்கையைத் தானாகவே வெளியிட்டது. ஏஜென்டுகள் கையில் கொடுக்கிற தாளை வாக்காளரும் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை எழுதுகிற எங்களுக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

எண்ணிக்கை முடிந்தபின் வருவது படிவம் 20. சாவடி சாவடியாக யாருக்கு எத்தனை, தபால் ஓட்டு எத்தனை, தள்ளுபடி எத்தனை என்று முழு விவரம். 2021-இல் தியாகராய நகரில் 137 ஓட்டில் முடிவானது போன்ற தொகுதிகளில் இதைப் படிக்காமல் பேசுவதில் பொருளே இல்லை. 2016-இல் ராதாபுரத்தில் இன்பதுரை 49 ஓட்டில் அப்பாவுவை வென்றதாக அறிவித்தபோது வழக்கின் மையமாக இருந்தவை 203 தபால் ஓட்டுகள். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று அவற்றைத் தள்ளியிருந்தார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றொப்பம் செல்லும் என்று மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தேர்தல் வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களின் ஓட்டுதான் தபால் ஓட்டில் பெரும்பகுதி என்பதால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்த வழக்கைப் பேசாத நாள் இல்லை.

படிவம் 20-இல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு சாவடி என்பது ஆயிரம் பேர், சில தெருக்கள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. காலனிக்கு ஒரு சாவடி, ஊருக்குள் ஒரு சாவடி என்று இருக்கும் இடத்தில், எந்தச் சனம் யாருக்குப் போட்டது என்று ஜெயித்தவருக்கு அப்படியே தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாயும் சாலையும் அதற்கேற்ப வரும், வராமலும் போகும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டைக் கலந்து எண்ணுவதற்கு விதியில் 59ஏ என்று இடம் இருந்தது. இயந்திரம் வந்தபின் அது போயிற்று. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியை ஆணையமே 2008-இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. திறந்த தகவலை இவ்வளவு ஆதரிக்கிற நான், இந்த ஒன்றில் மட்டும் சாவடிக் கணக்கைவிட அந்தக் காலனிக்காரரின் ரகசிய ஓட்டு பெரிது என்று நினைக்கிறேன்.

ஜெயித்து டெல்லி போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, 2005-இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். தளம் இருக்கிறது. எம்.பி. வாரியாக வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா. வருகைக் கட்டம் காலியாக இருந்தால் அவர் ஓடிப்போனார் என்று அர்த்தமில்லை. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. கேள்வி எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவதும் சரியில்லை. கேள்வியைத் திறந்து படியுங்கள், தொகுதிக்கு என்ன கேட்டார், அமைச்சகம் என்ன பதில் சொன்னது என்று. மசோதாக்களுக்கு அவர்கள் எழுதும் சுருக்கம்தான் எனக்கு அந்தத் தளத்தில் பிடித்த பகுதி: ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, பழைய சட்டம் என்ன சொன்னது, புதியது எதை மாற்றுகிறது, எங்கே கேள்வி எழுகிறது. நம் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி இவ்வளவு எளிதாகத் தேடிப் படிக்க முடிவதில்லை. ஆசிரியராக எனக்கு அது பெரிய குறை.

நீண்டகால ஒப்பீட்டுக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் உருவாக்கிய லோக் டாபாவைச் சொல்வேன். ஆணையத்தின் பழைய அறிக்கைகளைச் சீர்செய்து, ஒரே வடிவத்தில் தருகிறார்கள். அந்த வேலையின் அருமை பெயர்களில் தெரியும். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு தேர்தலில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. ஆங்கில எழுத்துக் கூட்டல் ஒவ்வொரு முறையும் வேறு. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். கணினிக்கு அவர்கள் எல்லாரும் ஒரே ஆள். உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பிரித்து அடையாள எண் கொடுப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தீராத ஆதங்கம் தமிழ்தான். நம் வேட்பாளர்கள் பலர் பிரமாணப் பத்திரத்தைத் தமிழில்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நகை பவுன் கணக்கில், நிலம் சர்வே எண்ணோடு, பட்டா யார் பெயரில் என்பது வரை நம் மொழியில். அது ஆங்கில அட்டவணையாகி, அந்த அட்டவணை செய்தியாகத் தமிழுக்குத் திரும்பி வரும்போது எண்ணும் தலைப்பும்தான் மிஞ்சுகின்றன. எங்கள் பள்ளிக்கு வரும் பெற்றோர் அந்த மூலத்தைத் தங்கு தடையில்லாமல் படிப்பார்கள். எந்தச் சர்வே எண் எந்த ஓடையை ஒட்டியது என்றுகூட அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி, தொகுதிக்கு ஒரு பக்கமாக, கட்சி வாடை இல்லாமல், தமிழில் ஒரு தளம் வேண்டும். கணினி தெரிந்த இளைஞர்கள் நாலு பேரும் படிவம் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் சேர்ந்தால் ஒரு மாவட்டத்துக்காவது செய்துவிடலாம். யாராவது முன்வந்தால் விடுமுறை நாட்களில் தட்டச்சு செய்து தர நான் தயார்.

அதுவரை இணையமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. வேட்பாளரின் பிரமாணப் பத்திர நகலைத் தேர்தல் நடத்தும் அலுவலர் தன் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33ஏ பிரிவே சொல்கிறது. வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதும் உங்கள் தொகுதியின் தேர்தல் அலுவலகம் எது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். நின்று நிதானமாகப் படியுங்கள். யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால் வாக்காளர் என்று சொல்லுங்கள்.